மெதுவாக ஆறவைத்த எஃகு

1. பத்தில் நின்ற ஊசி

அந்தச் சனிக்கிழமை காலை ஊசி பத்தில் நின்றபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. வாடிக்கையாளர் கேட்டது எட்டு. முதல் தொகுதியில் எங்களுக்கு வந்ததோ நாலும் ஐந்தும்தான். இரண்டாவது துண்டை வைத்து உடைத்தேன். பதினொன்று. மூன்றாவதும் பத்து.

நான் சிங்கப்பூரில் ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். பிற நிறுவனங்கள் அனுப்பும் எஃகுக் கருவிகளை உலையில் சூடேற்றி, ஆறவைத்து, பதமாக்கித் திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். உயர்நிலைப் பள்ளியை முடித்துவிட்டு, பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். அதிகம் பேசமாட்டேன் என்பதால் சோதனை அறைக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு இயந்திரங்கள் உண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளாக அவற்றோடுதான் என் பேச்சு.

ஒரு இயந்திரம் ஹார்ட்னஸ் பார்க்கும். எஃகின் மேல் ஒரு சிறு முனையை அழுத்தி, அது எவ்வளவு கடினம் என்று சொல்லும். மற்றது ஊஞ்சல் மாதிரி ஆடும் பெரிய சுத்தியல். விரல் பருமன் உள்ள துண்டில் ஒரு சிறு வெட்டுப் போட்டுக் கீழே வைத்துச் சுத்தியலை விட்டால், அது துண்டை உடைத்துக்கொண்டு மறுபக்கம் ஏறும். உடைக்க எவ்வளவு ஆற்றல் செலவானது என்று ஊசி காட்டும். அந்தக் கணக்கு ஜூல் என்ற அளவில் வரும். இதைத்தான் டஃப்னஸ் என்கிறோம். கண்ணாடி கடினமானதுதான், ஆனால் ஒரு தட்டுக்குத் தாங்காது. ஒரு கருவிக்கு இரண்டும் வேண்டும்.

பத்து ஜூல் நல்ல எண். அந்த எண்ணை நான் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், திங்கட்கிழமை நண்பகல் லாரி வந்து நான்கு வார்ப்பு டைகளை, அதாவது எஃகு அச்சுகளை, ஏற்றிக்கொண்டு தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸுக்குப் போய்விடும். எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் நான் உடைத்த மூன்று துண்டுகளும் அந்த டைகளோடு உலைக்குள் போகவே இல்லை. அது எனக்கு மட்டுமே தெரியும்.

2. ஏப்ரன் பையில் இருந்த கட்டு

துவாஸில் இருக்கும் அந்த நிறுவனம் பித்தளையைச் சூடாக்கி அச்சில் அழுத்தி வால்வு செய்கிறது. அச்சு என்பதுதான் டை. முன்பெல்லாம் எஃகுக் கட்டியைக் கடைந்து டை செய்தார்கள். பிறகு, எஃகை உருக்கி அச்சின் வடிவத்திலேயே வார்த்தால் கடைசல் வேலை பாதியாகும் என்று வார்ப்புக்கு மாறினார்கள். வார்த்த டைகள் பதப்படுத்த எங்களிடம் வந்தன.

முதல் தொகுதி டைகளில் சீக்கிரமே விரிசல் விழுந்துவிட்டது. ஒன்று வேலை நடக்கும்போதே உடைந்து, ஒரு சில்லு இயந்திரத்தின் தடுப்பில் போய் அடித்தது. தடுப்பு இருந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுடைய தரப் பொறியாளர் கார்த்திக் நேரில் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். முப்பது வயது இருக்கும்.

"ஹார்ட்னஸ் ரிப்போர்ட் எல்லாம் கரெக்டா இருக்குதுங்க அக்கா. கையெழுத்தும் உங்களுதுதான். ஆனா டை கண்ணாடி மாதிரி ஒடையுது. ரெண்டாவது தொகுதிக்கு டஃப்னஸும் பாத்துக் குடுங்க. இதுவும் சரியில்லீனா வார்ப்பே வேண்டாம், மலேசியாவுல, ஜொகூர்ல கடைஞ்சு வாங்கிக்கறோம்னு மேல சொல்லீட்டாங்க."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கோ 'கையெழுத்தும் உங்களுதுதான்' என்ற இடத்திலேயே காது நின்றுவிட்டது.

டஃப்னஸ் பார்க்க டையை உடைக்க முடியாது. அதே உருக்கில் ஊற்றிய சிறு துண்டுகளை டையோடு சேர்த்தே உலையில் வைத்து, பிறகு அவற்றை உடைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் துண்டுக்குக் கூப்பன் என்று பெயர். இரண்டு தொகுதி டைகளும் ஒரே நாளில் ஒரே உருக்கில் வார்த்தவை. முதல் தொகுதியோடு உலைக்குப் போய் உடைக்காமல் கிடந்த கூப்பன்களை அவர் போன பிறகு உடைத்தபோதுதான் நாலும் ஐந்தும் வந்தன. இரண்டாவது தொகுதிக்கு வார்ப்பாலை இரண்டு கட்டுக் கூப்பன் கொடுத்திருந்தது.

புதன்கிழமை டைகளுக்கு லோடு, அதாவது உலையில் ஏற்றும் நாள். கூப்பன் கட்டைக் கூடையின் நடுவில் கம்பியால் கட்டுவது என் வேலை. கையில் எடுத்துக்கொண்டு போனேன். அதற்குள் யாரோ தொலைபேசியில் அழைப்பதாகக் கூப்பிட்டார்கள். கட்டை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது உலைக் கதவு மூடிவிட்டது. முத்தையா அண்ணன் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு பேரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

முத்தையா அண்ணன்தான் எங்கள் உலை மேற்பார்வையாளர். உலைக்கு அவர் வைத்ததுதான் சட்டம். முதல் தொகுதியில் ஏதோ கவனம் தப்பியிருக்கும், இரண்டாவது சரியாக வரும் என்று சொல்லியிருந்தார். அந்த நிமிடம் சொல்லியிருந்தால் கதவைத் திறந்திருப்பார். சூடு ஏறக்கூட ஆரம்பிக்கவில்லை. இரண்டு பேர் நிற்கிறார்களே, அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். தயங்கியது அவ்வளவுதான், உலை ஓடத் தொடங்கிவிட்டது.

மறுநாள் வியாழக்கிழமை வேறொருவருடைய கருவிகள் உலைக்குப் போயின. அவை உருட்டிச் செய்த எஃகு. எங்கள் வார்ப்புக்கும் அதே வகைதான், எச்13. சூடும் அதே ஆயிரத்து முப்பது டிகிரி. பிறகு குறைந்த சூட்டில் மறுபடி வைத்து இறுக்கத்தைத் தளர்த்தும் டெம்பரும் அதேதான். அதே இரும்பு, அதே சூடு, என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று எண்ணி, யாரும் பார்க்காதபோது கூப்பன் கட்டை அந்தக் கூடையின் மூலையில் கட்டினேன். வெள்ளிக்கிழமை பக்கத்துப் புளோக்கில் இருந்த கடைசல் பட்டறையில் கொடுத்து அளவுக்குத் தேய்த்து வெட்டும் போட்டு வாங்கினேன். சனிக்கிழமை உடைத்தேன்.

வித்தியாசம் வந்துவிட்டது.

3. சர்க்கரையும் துணியும்

உடைந்த துண்டுகளை நான் எறிவதில்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் தேதி எழுதிப் போட்டு வைப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. உடைந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எண்ணில் வராத சில விஷயங்கள் தெரியும்.

முதல் தொகுதித் துண்டை எடுத்துப் புதிய துண்டின் பக்கத்தில் வைத்தேன். பழையது சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி, பருமணிகளாக மினுமினுத்தது. புதியது மங்கிய சாம்பல் நிறம். முரட்டுத் துணியைக் கிழித்த ஓரம் மாதிரி இருந்தது. ஒரே உருக்கில் பிறந்த இரண்டு துண்டுகள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

இரும்பு ஒன்று. சூடு ஒன்று. டெம்பர் ஒன்று. மிச்சம் இருப்பது ஆறவைத்த விதம் மட்டும்தான்.

எங்கள் உலையில் சூடு போதுமான நேரம் நின்ற பிறகு நைட்ரஜன் வாயுவை ஊதி ஆறவைப்போம். உருட்டிய எஃகுக்கு ஆறு பார் அழுத்தம். வார்ப்புக்கு மட்டும் இரண்டு பார். கூடையும் நிறைய அடுக்குவோம். வார்ப்பு என்றால் மெதுவாக ஆறவிட வேண்டும் என்பது முத்தையா அண்ணனின் விதி. நான் சேர்ந்த நாள் முதல் அப்படித்தான். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. மெதுவாக ஆறினாலும் ஹார்ட்னஸ் சரியாகவே வரும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் நானும் இத்தனை ஆண்டுகள் கையெழுத்துப் போட்டு வந்தேன்.

அப்படியானால் கிடங்கில் இருக்கும் நான்கு டைகளும் உள்ளுக்குள் சர்க்கரைதான். அவற்றின் மேல் பத்து ஜூல் என்று எழுதிய தாளை ஒட்டி அனுப்பினால், துவாஸில் யாரோ ஒருவர் அந்தத் தாளை நம்பி இயந்திரத்தின் முன்னால் நிற்பார். சொன்னால் என் தவறு வெளியே வரும். வேலை போனாலும் போகலாம். அதோடு, முத்தையா அண்ணனிடம் போய் அவருடைய விதி தவறு என்று சொல்ல வேண்டும். எது கூடுதல் பயம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

4. தேக்காவில் ஞாயிறு

பட்டறையில் வைத்து, நாலு பேர் முன்னால், அதைச் சொல்ல என்னால் முடியாது. அவருக்கும் அது மரியாதையாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் மனைவி கமலா அக்காவும் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்கு வருவார்கள் என்று தெரியும். அக்கா மீன் வாங்கும்வரை அண்ணன் உணவங்காடியில் தே என்று நாங்கள் சொல்லும் பால் தேநீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படியே இருந்தார். எதிர் நாற்காலியில் அக்காவுக்காகத் டிஷ்யூ தாள் பொட்டலம் வைத்து இடம் பிடித்திருந்தார். அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.

"என்னம்மா வசந்தா, நீயும் மார்க்கெட்டா?"

நான் பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து அவருடைய பரோட்டாத் தட்டின் பக்கத்தில் வைத்தேன்.

"இத பாருங்கண்ணே. இது மொத தொகுதி. இது இந்த வாரம் ஒடச்சது. பத்து வந்துச்சு."

அவர் கறி படிந்த கையைத் துடைத்துக்கொண்டு துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல, ரெண்டாவது லோடு சரியா வரும்னு. எவ்ளோ நைசா இருக்கு பாரு."

"அண்ணே, அது உங்க லோடுல போகல."

"பின்ன எதுல போச்சு?"

"வியாழக்கெழம லோடுல. ஆறு பார். புதன்கெழம கட்ட மறந்துட்டேன். பாக்கெட்லயே இருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க கத்துவீங்கன்னு."

"நான் எப்ப கத்துனேன்?" என்று அவர் கேட்ட சத்தத்தில் பக்கத்து மேசையே திரும்பிப் பார்த்தது.

"இப்பதான்" என்றார் பின்னால் வந்து நின்ற கமலா அக்கா, மீன் பையைக் கீழே வைத்தபடி. "ஞாயித்துக்கெழமையும் இரும்பா? வசந்தா, நீ சாப்டியாம்மா?"

அண்ணன் இரண்டு துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். தே ஆறிக்கொண்டிருந்தது.

"நான் சின்ன ஆளா இருந்தப்ப ஒரு வார்ப்ப ஃபுல் பிரஷர்ல ஊதுனேன். உள்ள டிங்னு ஒரு சத்தம். தொறந்து பாத்தா ரெண்டா கெடக்கு. அன்னைக்கு வாங்குன திட்டு இன்னும் காதுல இருக்கு. அதுலேர்ந்து ரெண்டு பாருக்கு மேல போனதில்ல." துண்டை மேசையில் வைத்தார். "ஒடையக் கூடாதுன்னுதான்மா மெதுவா எறக்குனேன். அதுவே ஒடைக்குதா?"

"உங்க கையில ஒண்ணும் ஒடையலண்ணே" என்றேன். அவர் மீதித் தேயைக் குடிக்காமலே எழுந்து, மீன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

5. கையெழுத்துப் போடாத தாள்

திங்கட்கிழமை நான் போகும்போது முத்தையா அண்ணன் முதலாளி டானின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஞாயிறு இரவு அவர் தூங்கியிருக்க மாட்டார் என்று முகம் சொன்னது.

"ரெண்டு பார் வெச்சது நான். அத நான் சொல்றேன். கூப்பன மறந்தது நீ. அத நீ சொல்லு" என்றார்.

திரு டான் நல்ல மனிதர். அவசரக்காரர். என் முகத்தைப் பார்த்ததும், "வசந்தா, குட் நம்பர் ஆர் பேட் நம்பர்? ஜஸ்ட் டெல் மீ லா" என்று சிங்கப்பூர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"குட் நம்பர், சார். பட் திஸ் ஒன் ஐ கேனாட் சைன்."

அவ்வளவு நீளமாக அவரிடம் நான் ஆங்கிலம் பேசியது அதுதான் முதல் தடவை. நடந்ததை முழுவதும் சொன்னேன். அண்ணன் அவர் பங்கைச் சொன்னார். டான் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருஷத்துல இப்படி எத்தனை தடவை?"

"முதல் தடவை, சார்."

"கடைசித் தடவையும் இதுதான்" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து லாரியை நிறுத்தினார்.

கார்த்திக் மதியமே வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு துண்டுகளையும் உருப்பெருக்கியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"மெதுவா ஆறும்போது கார்பைடுன்னு ஒரு கடினமான பொருள் போய் மணிகளுக்கு நடுவுல ஒக்காந்துக்குதுங்க அக்கா. செங்கல்லு நல்லா இருந்தும் நடுவுல சாந்து சரியில்லாத சுவரு மாதிரி. தட்டுனா சாந்து வழியா பிரிஞ்சுரும். வேகமா எறக்குனா அதுக்கு ஒக்கார நேரமே கெடைக்காது." பிறகு முத்தையா அண்ணனைப் பார்த்தார். "ஆனா ஐயா பயந்ததும் நெசந்தானுங்க. ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு. நேரா ஆறு பார்ல அடிச்சு எறக்குனா டை விரிசல் விட்டுரும்."

அண்ணன் அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அப்போது நிமிர்ந்தார்.

"நேரா எறக்க வேணாம் தம்பி. சூடு மேல இருக்கறப்ப வேகமா எறக்குவோம். நானூத்தம்பதுல ஊதறத கொறச்சு அப்படியே நிக்க வெப்போம். உள்சூடும் வெளிச்சூடும் ஒண்ணா வரட்டும். அப்பறம் பையப் பைய எறக்குவோம். விரிசல் விடறது சூடு கீழ வரும்போதுதான். அந்த டிங் சத்தம் எந்த நேரத்துல வந்துச்சுன்னு எனக்கு நல்லா தெரியும்."

கார்த்திக், "இதையே நான் எழுதிக்கலாமுங்களா?" என்று கேட்டுக் கைப்பேசியை எடுத்தார்.

6. நாங்கள் கேட்காத சத்தம்

கடினமாகிவிட்ட டையை அப்படியே மறுபடி உலையில் வைக்கக் கூடாது. மணி இன்னும் பருத்துவிடும். முதலில் சூடேற்றி, மிக மெதுவாக ஆறவிட்டு, மென்மையாக்கினோம். அந்த ஒரு வேலைக்கு மெதுவாக ஆறுவதுதான் சரி. அதைச் சொல்லும்போது அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். தேக்காவுக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

பிறகு ஒரு கூடைக்கு இரண்டு டைகள் மட்டும் வைத்தோம். சுற்றிலும் வாயு ஓட இடம் விட்டோம். தடித்த பகுதியில் துளையிட்டு, உள்ளே இருக்கும் சூட்டைக் காட்டும் கம்பியை நுழைத்தோம். இரண்டாவது கூப்பன் கட்டைப் பிரித்து, கூடைக்கு மூன்றாக நான் நடுவில் கட்டினேன். அண்ணன் குனிந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணிவிட்டுத்தான் கதவை மூடினார்.

ஆறு பார் ஊதத் தொடங்கியதும் நானும் அண்ணனும் திரையருகே போய் நின்றோம். திரு டானும் கார்த்திக்கும் வந்து நின்றார்கள். திரையில் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. நானூற்றைம்பதில் அண்ணன் ஊதுவதைக் குறைத்தார். வெளிச்சூடு நின்றது. உள்சூடு மெல்ல மெல்ல அதனோடு வந்து சேர்ந்தது. பிறகு கீழே இறங்கும்போது அண்ணன் காதைக் கதவுப் பக்கம் சாய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

டெம்பர் முடிந்ததும் டைகளின் மேல் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை மருந்து அடித்தோம். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு வரும். நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது. அடுத்த கூடையின் இரண்டு டைகளும் அப்படியே.

முதல் கூடைக் கூப்பன்களை உடைத்தேன். ஒன்பது. பத்து. பத்து. அடுத்த கூடையிலும் அப்படியே வந்தன. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் துணி கிழித்த மாதிரி இருந்தது. தாளில் எண்ணை எழுதினேன். எந்த லோடு, எந்தக் கூடை, எத்தனை டிகிரியில் நிறுத்தினோம் என்பதையும் எழுதினேன். அப்படி எழுத எங்கள் தாளில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

7. துவாஸில் ஒரு பிற்பகல்

சில வாரம் கழித்து, டைகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வரும்படி திரு டான் எங்கள் இருவரையும் அனுப்பினார். துவாஸ் வரை ரயிலில் போனோம். இருபத்தெட்டு ஆண்டுகளில் நான் பதம் பார்த்த ஒரு கருவி வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. பெட்டியில் வரும், பெட்டியில் போகும். அவ்வளவுதான்.

இயந்திரம் கீழே இறங்கி அழுத்தும்போது தரை அதிர்ந்தது. சிவந்த பித்தளைத் துண்டு உள்ளே போய், வால்வாக வெளியே வந்தது. இயந்திரத்தை ஓட்டியவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், சேகர் என்று பெயர். கார்த்திக் எங்களை அறிமுகம் செய்தார். சேகர் காதடைப்பைக் கழற்றினார்.

"முந்தின டைல சில்லு தெறிச்சப்ப இங்கனதான் நின்னேன்" என்று தடுப்பில் இருந்த வடுவைக் காட்டினார். "இந்த செட்டு ஆர்டர் பூரா ஓடிருச்சு. முனை மழுங்கிருக்கு, அவ்ளோதான். யாரு பதம் பாத்தது?"

முத்தையா அண்ணன் என்னைக் காட்டினார். நான் அவரைக் காட்டினேன். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

கார்த்திக் டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஆறிய பிறகு, விரலால் தடவினேன். கூர்மையாக இருந்த விளிம்பெல்லாம் கூழாங்கல் மாதிரி வழுவழுப்பாகியிருந்தது. எங்கும் விரிசல் இல்லை. இனி வார்ப்பு டைதான் என்று அவர்கள் நிறுவனம் முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். எங்கள் பட்டறையிலும் வார்ப்புக்குத் தனி அட்டை அச்சடித்துவிட்டோம். எத்தனை டிகிரியில் நிறுத்த வேண்டும் என்பதற்கு அதில் ஒரு கட்டம் இருக்கிறது. கூப்பனை எண்ணியவர் பெயருக்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஹார்ட்னஸ் சரியாக வந்துவிட்டது என்று எஃகை நம்பிவிடாதீர்கள். உடைத்தும் பாருங்கள், உடைந்த முகத்தையும் பாருங்கள். பட்டறையில் நெடுங்காலமாக இருக்கும் விதிக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு விதியை மாற்றுங்கள். அண்ணனின் அந்த டிங் சத்தம் இல்லாவிட்டால் நாங்கள் நான்கு டைகளிலும் விரிசல் விழவைத்திருப்போம். ஏதாவது மறந்துவிட்டால், உலை சூடேறுவதற்குள் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். எனக்கு அதற்கு நான்கு நாள் ஆனது.

ஒரு கருவி உடைந்து சாகக் கூடாது, உழைத்துத் தேய வேண்டும். அப்படித் தேய்ந்த ஒன்றை நான் என் விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதன் தாளில் இருப்பது என் கையெழுத்து.